புறவழிச்சாலைக்காரி

மார்ச் 4

காலையில் இரண்டே லாரிகள்தான் டீ குடிக்க நின்றன. மூன்றாவது நிற்பதுபோல் நின்றது. புறவழிச்சாலையில் எங்கே ஏறுவது என்று என்னிடமே கேட்கிறான் படுபாவி!

மாமனார் இடத்தைப் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய முன்பக்கம் எங்களுக்கு வந்தது. முள் மண்டிய பின்பக்கம் கொழுந்தனுக்கு. அன்று ஓரகத்தி அழுதாள், நான்தான் தேற்றினேன். இப்போது புதுச்சாலை அந்த முள்ளுக்காட்டை உரசிக்கொண்டு போகிறது. அவளும் டீக்கடை போட்டுவிட்டாள்.

மார்ச் 9

அவள் கடையில் கண்ணாடி அலமாரி வந்திருக்கிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 17

பழைய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எங்கள் கொல்லையில் புகுந்து அவள் கடைக்குப் போகிறார்கள். நடந்து நடந்து புல் தேய்ந்து பாதையே விழுந்துவிட்டது. இன்று ஒருவர் சைக்கிளிலேயே போனார். மண் என்னுடையது, வியாபாரம் அவளுக்கா?

தச்சரை வரவழைத்து ஆளுயரத்துக்குப் பலகை வேலி போடச் சொன்னேன். "எதுக்குடி வீண் வம்பு?" என்றார் இவர். நான் தச்சருக்கு ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 28

வேலியில் ஒரு பலகை கழன்று தொங்கியது. மறைந்து நின்று பார்த்தேன். குனிந்து வெளியே வந்தது யார்? என் வீட்டுக்காரர்! மீசையில் டீ நுரை.

"அங்க டீ நல்லாருக்கா?"

"தம்பி கூப்பிட்டான்... சும்மா ஒரு வாய்..."

"நல்லாருக்கான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு."

ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா இந்த மனுஷன்? பலகைக்கு மேல் பலகை அடிக்க வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11

இன்றுதான் உட்கார முடிகிறது. மூன்று நாள் முன்பு கொதிக்கிற பால் தொடையில் கொட்டிவிட்டது. இவர் சந்தைக்குப் போயிருந்தார். கடையில் ஈ காக்கை இல்லை. கத்தினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குரல். "அக்கா! என்னாச்சுக்கா?" பலகையைப் பிடித்து உலுக்கினாள். அசைந்தால்தானே! புதுச்சாலையோடு ஓடி, ரவுண்டானாவைச் சுற்றி, பழைய ரோட்டில் திரும்பி — அதுவரை தரையில் கிடந்து துடித்தேன். வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"வழி இருந்திருந்தா உடனே வந்திருப்பேன்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

ஏப்ரல் 19

தச்சரிடம் வேலியைப் பிடுங்கச் சொன்னேன். "இப்பத்தானேம்மா போட்டோம்?" என்றார். "பிடுங்குங்க" என்றேன்.

செப்டம்பர் 2

கொல்லைப் பாதையில் இன்று பஞ்சாயத்துக்காரர்கள் தார் போட்டார்கள். ஆட்டோ போகிற அகலத்துக்கு நாங்களும் கொழுந்தனும் இடம் விட்டுக்கொடுத்தோம். இனி இரண்டு ரோட்டுக்கும் இதுதான் இணைப்பாம். ஆட்டோக்காரர்கள் இப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். என் கடையிலும் நாலு பேர் நிற்கிறார்கள்.

அவள் கடையில் பத்துப் பேர். எண்ணாமல் இருக்க முடியவில்லையே, என்ன செய்ய?

சாயங்காலம் புதுத் தார் ஒட்டிவிடுமென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்து வந்தாள். "அக்கா, சர்க்கரை தீந்துபோச்சு. ஒரு படி குடேன்."

கொடுத்தேன். குவித்து இல்லை, தலைதட்டித்தான்.