நீ அனுப்பிய வைஃபை அடாப்டர்

குத்தாலம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குளிர் தாங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் நடராசன் சம்பாவுக்கு நாற்று விட்டுவிட்டார். பக்கவாதம் வந்த இடது கால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் அம்மா கையைப் பிடிக்காமல் வாசல் வரை போகிறேன்.

நீ அனுப்பிய வைஃபை அடாப்டர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தஞ்சாவூர் தஹ்மீனா அம்மா, போன் வீடியோவில் தன் உதடும் நாக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, பெரிய திரை வேண்டும் என்று சொன்னதை நீ மறக்கவில்லை. அம்மா உடனே அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகினாள், விளக்கு எரியவில்லை. முன்பக்கத் துளைகள் கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு இருந்தவனுக்கு இது தெரியாதா, ஆனால் மேஜைக்கு அடியில் குனிய முடியவில்லை, பின்னால் செருகு என்று சொல்ல நாக்கும் புரளவில்லை. நான் ஏதோ சத்தம் போட, அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆத்திரத்தில் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன் மகளே. அவள் கோபிக்கவில்லை, நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "எழுதிக் காட்டுங்க, நான் செய்றேன்" என்றாள்.

எழுதினேன். பின்னால் செருகினாள், விளக்கு வந்தது, ஆனால் வைஃபை பெயர் எதுவும் வரவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை நெட்டிலிருந்து இறக்க வேண்டும், நெட்டுக்கோ அந்த டிரைவர் வேண்டும். கூட வந்த குறுந்தட்டைப் போடலாம் என்றால் தட்டுப் பெட்டி திறக்கவே மறுத்தது. யோசித்து, "உன் போனைச் சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் மாட்டு, செட்டிங்கில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைப் போடு, போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வரும்" என்று அவளுக்கு எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துச் செய்தாள். டிரைவர் இறங்கியது. போனைக் கழற்றியதும் நம் வீட்டு வைஃபை பெயர் திரையில் வந்து நின்றது. ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டியவளும் அவள்தான். இணைப்புக் கிடைத்ததும் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தில் ஒட்டியிருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவளைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாதவன் நான்.

நேற்றுக் காலை தஹ்மீனா அம்மா பெரிதாகத் தெரிந்தார்கள், நாக்கு நுனி எங்கே தொடுகிறது என்பது வரை பார்க்க முடிந்தது. முக்கால் மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, "வீட்ல யாரையாவது கூப்பிடுங்க, சார்" என்றார்கள். நான் ஈஸ்வரி என்றேன். அடுப்படியிலிருந்து "தோ வரேங்க" என்று பதில் வந்தது. பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். ஐந்து மாதமாயிற்று மகளே, நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லக் கூடாது என்று அம்மா அதட்டுகிறாள். வேலை வேலை என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. உன் பெயரில் இருக்கும் 'ழி' இன்னும் வரவில்லை, செம்மொளி என்றுதான் வரும். சிரிக்காமல் "என்னப்பா" என்று கேள், போதும்.

உன் அப்பா
மதிவாணன்