பவியின் கதவுக்கு எவ்வளவு வெள்ளை

நவ. 11, செவ்வாய்

எதிர் பிளாக்கைக் காணோம். புகை. டில்லியில் எங்கள் துவாரகாவே தண்ணிப் பாலில் முங்கின மாதிரி. பவிக்கு லேசாக இழுப்பு. இன்ஹேலர் அடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். போகாதேன்னா கேட்கிற பிறவியா அது.

வாங்க: கடுகு, இட்லி அரிசி, மாஸ்க்.

முண்ட்கா ஃபேக்டரியில், கண்ணாடி வெட்டும் மேஜை என் புரோகிராமை முதல் தடவையாகத் தடங்கல் இல்லாமல் ஓட்டியது. யாரும் கை வைக்கவில்லை. வெட்டும் தலை தன்பாட்டுக்குப் போகிறது, வருகிறது, திரும்புகிறது. பின்னால் மெல்லிசாய் ஒரு எண்ணெய்க் கோடு. சாப்பிட மறந்து நின்றிருக்கிறேன். மெஷின் ஓட்டும் ராஜேந்தர், "மேடம் ஜி, ஸோ கயீ க்யா?" என்றார். தூங்கவில்லை பையா. தூங்கினாலும் இதைத்தான் பார்ப்பேன்.

முதலாளி குப்தா ஜிக்கு ஒரே குஷி. வீட்டிலிருந்தே ஜனங்கள் போனில் அளவு போட்டு ஆர்டர் கொடுக்கும் பகுதியை இனி யாராவது வெளியாள் செய்து பார்க்கணுமாம். "உங்க வீட்டுக்கே ஏதாவது போடுங்களேன்" என்றார், இந்தியில். போடலாம். பவிக்கு ஒரு கதவு வேண்டியிருக்கிறது.

நவ. 12, புதன்

பவியின் அறை என்பது பால்கனி. அடைத்து, ஜன்னல் வைத்து, கட்டில் போட்டாச்சு. ஹாலுக்கும் அதற்கும் நடுவே இப்போதைக்குத் திரைதான். இத்தனை வருஷம் ஹாலில் எங்கள் கண்முன்னால் தூங்கினவள். பதினாறு வயசாச்சு, கதவு வேணுமாம்.

ஆர்டரை அவளே போட்டாள். அகலம், உயரம், கீல் எந்தப் பக்கம். கடைசியில், வெள்ளை மை எவ்வளவு? மறைப்புக்காக மெஷின் கண்ணாடிமேல் அடிக்கிற மை அது. ஃபர்னஸில் வெந்து வந்தால் அப்புறம் சுரண்டினாலும் போகாது.

"கீழேருந்து மேல வரைக்கும். ஃபுல்."

"கொஞ்சம் தெரியற மாதிரி விடேன்டி."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மான்னா வேணாம்மா."

சும்மா இல்லை. நாலு வயசில் மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அன்றையிலிருந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு தடவை பார்த்தால்தான் எனக்குத் தூக்கம். அவளிடம் சொன்னதில்லை. இவரிடமும் இல்லை. ஏர்போர்ட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற மனுஷர், இவருக்கு என்ன தெரியும்.

நவ. 13, வியாழன்

செய்துவிட்டேன்.

லஞ்ச் நேரம். என் லாகினுக்குத் திறக்காத ஆர்டர் கிடையாது. பவியின் கதவைத் திறந்து, என் கண் உயரத்தில் நாலு விரல் அகலத்துக்கு மையை எடுத்தேன். வெள்ளைக்கு நடுவே ஒரு தெளிவான பட்டை. கம்ப்யூட்டர் திரையில் அவ்வளவு அழகு. அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதுக்குள்ளே அந்தப்பக்கம் நீல விளக்கு, போர்வை, போர்வை மெல்ல ஏறி மெல்ல இறங்கி... டீ ஆறிப்போச்சு.

கேட்டால் மெஷின் தப்பு என்று சொல்லிக்கலாம். அதையும் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கு.

ரசம் நன்றாக வந்தது இன்று.

நவ. 14, வெள்ளி

மானம் போச்சு.

வரைபடத்தை யார் மாற்றினாலும் ஆர்டர் கொடுத்தவர் போனுக்குச் செய்தி போகணும், அவர் சரின்னு அழுத்தாமல் மெஷின் அசையக்கூடாது. குப்தா ஜியோடு மல்லுக்கட்டி நான் போட்ட விதி. நம் வீட்டு ஆர்டர்தானே, என் போனுக்குத்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். பவி தன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். செய்தி நேற்று லஞ்சுக்கே போயிருக்கு. பார்த்தும் இருக்கிறாள். இன்று காலை எதிரே உட்கார்ந்து ரெண்டு தோசை தின்றாள், ஒரு வார்த்தை இல்லை.

ராஜேந்தர் வந்தார். "மேடம், ஏக் தர்வாஸா அட்கா ஹை." ஒரே ஒரு கதவுக்காக ஃபர்னஸ் லோடு முழுக்கக் காத்திருக்கு. குப்தா ஜி அந்தப்பக்கம் "ஜல்தி, ஜல்தி". நானே சரி என்று அழுத்தலாம், லாகின் விடும். விரல் பக்கத்தில் போய்விட்டது. அழுத்தவில்லை.

ரெண்டு மணிக்குப் பதில். மறுத்திருக்கிறாள். காரணம் என்ற கட்டத்தில், இங்கிலீஷ் எழுத்தில் அவளுடைய தமிழ்:

"நீ டெய்லி வந்து என்னைப் பாக்கறேன்னு தெரியும். தட்டிட்டு வாம்மா."

கண் நிறைஞ்சு போச்சு. ராஜேந்தர் பார்த்துவிட்டார். கண்ணில் என்னமோ விழுந்துடுச்சு என்றேன். கண்ணாடி ஃபேக்டரியில் சொல்லவே கூடாத பொய். ரெண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, என் தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்து, ஒரே ரகளை. நல்லதாப் போச்சு, அந்தத் தண்ணீரோடு இதுவும் போச்சு.

பட்டையை எடுத்தேன். முழு வெள்ளை. அனுப்பினேன். அடுத்த நொடி சரி என்று வந்தது. கிளாஸில் போன் வைத்திருக்கிறாள் போலிருக்கு, அதைத் தனியாகக் கேட்கணும்.

நவ. 18, செவ்வாய்

புகை கொஞ்சம் தேவலை. எதிர் பிளாக்கில் துணி காய்வது தெரிகிறது.

கதவு மாட்டியாச்சு. இவர் தடவிப் பார்த்து, "ஜோரா இருக்கு, உள்ள ஆளே தெரியல" என்றார். தெரியாதுதான்.

சாயங்காலம் பவி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். விளக்கைப் போட்டதும் கதவு முழுக்க ஒரே வெளிச்சம். அவள் நிழல் வருகிறது, கரைகிறது. எது கை, எது தலைமுடி, பிரிக்க முடியவில்லை. பிடித்துத்தான் இருக்கு எனக்கு, பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

உள்ளே இருமல். ரெண்டு தடவை. அப்புறம் ஒன்றுமில்லை. நிழலும் இல்லை.

தட்டினேன். கண்ணாடிமேல் என் விரல் சத்தம் ரொம்பச் சின்னது. இன்னும் பலமாய்த் தட்டினேன்.

"தாப்பா போடலம்மா."