வசந்த் கம்ப்யூட்டரின் பட்டன்

கும்மிடிப்பூண்டி
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே அழுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் பேப்பரில் எழுதி, ஃபிளெக்ஸ் கடை சாம்சனிடம் கொடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். அயர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, டியூட்டி முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வை. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சிப்காட் ரோடு பூராவும் பள்ளம். உன் அப்பாவுக்கு ரெயின்கோட்டு வாங்கிக் கொடுத்தேன், மனுஷன் அதை நனையாமல் பைக்குள்ளே வைத்துக் காப்பாற்றிவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வருகிறார்.

விஷயம் என்னவென்றால், கார்த்திகையில் உன் தம்பி வசந்துக்கு வருஷ திதி. போன வருஷம் அவன் பைக்கில் லாரி மோதிப் போனபோது அஞ்சலி பேனருக்கு நல்ல போட்டோ ஒன்றும் கைக்குக் கிடைக்காமல், ஆதார் கார்டில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள், உனக்குத் தெரியும். நம் தெரு முனையில் நின்று அதைப் பார்த்தேனே, அது என் பிள்ளையே இல்லை, எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றான். ஊரில் எல்லார் வீட்டுக் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சாவுக்கும் வீட்டில் உட்கார்ந்து டிசைன் போட்டுப் போட்டுச் சாம்சன் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பியவன், அவனுக்கு அந்தப் படமா என்று அன்றைக்கே புலம்பினேன். இந்தத் தடவையாவது அவன் சிரித்த முகத்தைப் போட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. அவன் கம்ப்யூட்டரில் எப்படியும் இருக்கும் என்று போன ஞாயிறு போய் ஆன் பண்ணினேன், ஒரு அசைவும் இல்லை. ஆடி மாதம் சாம்சன் வந்து யாரோ கேட்ட டிசைனை எடுத்துக்கொண்டு போனபோது நன்றாக ஓடியது. எனக்கு அதுவும் போய்விட்டது என்று அந்த ரூமிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் இளமதி.

சாம்சன் கடையை மூடிவிட்டு ஓடி வந்தான். முதலில் ஒயரையெல்லாம் பிடுங்கி வேறு பிளக்கில் மாட்டினான், பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறதாம், அதையும் போட்டுப் பார்த்தான். மூடியைக் கழற்றி, ரேமோ என்னமோ, அதை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினான். அப்புறம் கரண்டு வருகிற பெட்டியிலிருந்து பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்துப் பார்த்தான், அதில் இருந்த ஃபேன் சுற்றியது. சப்ளை நல்லாத்தான் கீது ஆன்ட்டி, பேஜார் ஆவாதீங்க என்றான். கடைசியில் உள்ளே இரண்டு ஊசி போல நீட்டிக்கொண்டிருந்ததை ஸ்குரூ டிரைவரால் தொட்டான், மொத்தமும் உயிர் வந்து ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போ மெஷினுக்கு ஒன்னும் இல்ல, பட்டன்தான் உள்ள போவல என்று முன்பக்கத் தகட்டைக் கழற்றினால், பட்டனைச் சுற்றிச் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து இறுகிப் போயிருக்கிறது, மேலே குங்குமம் வேறு. நான் வைக்கவில்லை. நம் வீட்டில்தான் இந்த வருஷம் பண்டிகையே கிடையாதே, ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையைக்கூட நான் கழுவி வைக்கவில்லை. அதுவரை கதவோரமாக நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்த உன் அப்பா, நாந்தாம்மா வெச்சேன், கம்பெனில எல்லா மெஷினுக்கும் வெச்சோம், இவன் மெஷின் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி என்றார். பேனல் போர்டுக்கு அப்புகிற மாதிரி அள்ளி அப்பியிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன், அவர் டார்ச்சை அணைக்காமலே திரும்பிக்கொண்டு போய்விட்டார், பின்னாலேயே போய்ப் பார்த்தால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான்.

ஆனால் பட்டனைச் சுத்தம் பண்ணி ஆன் பண்ணியும் என்ன பிரயோசனம். சாம்சனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஊரில் ஒரு முகம் பாக்கி இல்லை, மாலை போட்ட முகம், கூலிங் கிளாஸ் போட்ட முகம், எதிர்வீட்டு ஜானகியம்மாள் பேத்தி பொக்கை வாயோடு, எல்லாம் இருக்கிறது. என் பிள்ளை முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாரையும் அவன்தானே எடுத்தான், அவனை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்போதுதான் நீ கிளம்பின அன்றைக்கு ஏர்போர்ட்டில் அப்பா உன் போனில் எடுத்தது ஞாபகம் வந்தது. நீ அவன் தோளில் கை போட்டிருப்பாய், அவன் பல் தெரியச் சிரிப்பான், அப்பா விரல் ஒரு மூலையில் விழுந்திருக்கும். அதை அனுப்பு. சாம்சன் சொல்கிறான், அக்கா கையை எடுத்துடுறேன் ஆன்ட்டி, உயிரோட கீறவங்க கை அஞ்சலி பேனர்ல வரக்கூடாதுன்னு. கடம்பத்தூரிலிருந்து உன் அத்தையும் போன் பண்ணி அதையேதான் சொன்னாள். அவர்கள் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், எனக்கும் பயமில்லாமல் இல்லை. ஆனால் டிக்கெட் கிடைக்காமல், லீவு கிடைக்காமல், அவனைத் தூக்குவதைப் போனில் பார்த்துவிட்டு, ஒரு தடவை அவனைத் தொடக்கூட முடியலையேம்மா என்று நீ கதறினாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குச் சம்மதம் என்றால் அது அங்கேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தீர்க்காயுசோடு இரு என் கண்ணே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. படத்தை முழுசாக அனுப்பு, நீயே வெட்டி அனுப்பிவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா சுமலதா
(அப்பா மணவாளனும் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.)