இரண்டு வண்டிக்கும் அப்பா போட்ட மார்க்

சேலையூர்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீயும் ஆஸ்டினும் சின்னக்குட்டி ஜெரூஷாவும் அந்தக் கால்கரிக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குட்டிக்கு இருமல் நின்றதா, நான் கொடுத்தனுப்பிய சித்தரத்தையைத் தட்டிப்போட்டுக் கொடுத்தாயா அல்லது டப்பாவோடு அப்படியே அலமாரியில் இருக்கிறதா. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இவள் என்ன புதிதாகக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. உயிருக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கண் சரியில்லை, நீ வாங்கித் தருவதாகச் சொன்ன காரை அவர் ஓட்டமுடியாது, ஆகவே பணம் எதுவும் அனுப்பிவிடாதே.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு என்று நீ அந்த இரண்டு வண்டிகளின் விவரத்தை அனுப்பி, ரெண்டுல எது வேணும்னு நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கப்பா என்றாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அந்தப் பெயர்களைச் சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததில் ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், அப்படியே எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்தியவள் நான், அவர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பையன்களை மார்க்கிலேயே அழவிட்டவர். ஆகவே எதை வாங்கினாலும் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக மார்க் போடுவது, ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கக்கூடாது, கடைசியில் இரண்டையும் வைத்துப் பேசுவது என்பது எங்கள் வழக்கம். ஃபிரிட்ஜ் அப்படித்தான் வாங்கினோம். உனக்கு வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தோம், இதை ஆஸ்டினிடம் சொல்லித் தொலைக்காதே, அவருக்கு என் தாளில் நூற்றுக்கு எண்பத்தொன்று, இப்போது போட்டால் இன்னும் கூடுதலாகவே போடுவேன்.

செவ்வாய்க்கிழமை சிவப்பு, புதன்கிழமை சாம்பல் என்று போய் வந்தோம். சிவப்பு வண்டி கல்யாணப் பெண் மாதிரி அழகு, அதில் சந்தேகமில்லை, தாழ்வாக இருப்பதால் என் முட்டிக்கும் சௌகரியம். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியில் சர்ச்சுக்கு வருகிற புஷ்பம் ஆன்ட்டியை நடுவில் வைத்தால் மற்ற இருவரும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள். சாம்பல் வண்டி உயரம், புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கதவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியிருக்கிறது, ஏறி உட்கார்ந்துவிட்டால் நம் வீட்டு சோபாவை விட வசதி. டிக்கி பெரிது, சபையில் அசன விருந்துக்கு எடுத்துப்போகிற பெரிய அண்டா படுக்காமல் நிற்கும், கேட்டுக்கொண்டுதான் மார்க் போட்டேன். மழைக்கு நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது சாம்பல் கவலையில்லாமல் போய்விடும், சிவப்பு யோசிக்கும். இரண்டுக்கும் கூரையில் கண்ணாடி, இந்த வெயிலில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு யார் வடாம் காயப்போடுவது, இரண்டுக்கும் அதில் பூஜ்யம். சர்வீஸ் செலவைக் கேட்டதும் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிட்டது. மொத்தத்தில் என் தாளில் சிவப்புக்கு அறுபத்தெட்டு, சாம்பலுக்கு எழுபத்தொன்று.

அப்பா அப்படியில்லை. ஷோரூமிலிருந்து ஆல்வின் என்று ஒரு பையன், நல்ல பிள்ளை, சாம்பல் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். இவர் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைடுல வண்டி வந்தா சத்தம் குடுக்குமா தம்பி, ரோட்டுல போட்ட கோட்டை விட்டு வெலகினா அதுவே திருப்பிக்குமா, முன்னாடி யாராவது வந்தா தானா நிக்குமா என்று இதையே மாற்றி மாற்றிக் கேட்கிறார். கியர் இல்லாத வண்டியைப் பார்த்து அது காரில்லை லிஃப்ட் என்று கேலி செய்தவர் இவர்தானே, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள், வண்டி தானே சட்டென்று நின்றது, என் கைப்பை கீழே போய் விழுந்தது. ஆல்வின் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பாத்தீங்களா ஆன்ட்டி, சிஸ்டம் எவ்ளோ சூப்பரா வேலை செய்யுதுன்னு என்றான். நானும் ஆமாம்ப்பா என்றேன். அப்பா மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே என்று மூன்று தடவை கேட்டார்.

அன்று சாயங்காலம் காபி குடித்துவிட்டு இரண்டு தாளையும் மேஜையில் விரித்தோம். அவருடைய தாளில் சிவப்புக்கு நாற்பத்தொன்று, சாம்பலுக்கு எண்பத்தாறு. அவர் வாழ்க்கையில் யாருக்கும் எண்பத்தாறு போட்டதில்லையே என்று மேலே இருந்து படித்தேன். மைலேஜ் இல்லை, சீட் இல்லை, டிக்கி இல்லை. பக்கவாட்டில் எச்சரிக்கை, தானாக பிரேக், நாலு பக்கமும் கேமரா, திரையில் எண்கள் பெரியதாக இருப்பது, பின்னால் யாராவது நடந்தால் சத்தம், பத்து வரியும் இதுதான். என்னங்க இது, கண்ணு தெரியாத மனுஷன் போட்ட மார்க் மாதிரி இருக்கு என்று கேலியாகத்தான் சொன்னேன், சத்தியமாக கேலிதான். அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் நம் பழைய காரைப் பார்க்கிற மெக்கானிக் மாரி போன மாதம் என்னிடம் சொன்னது மண்டையில் இறங்கியது, இன்னாமா, சாரு வண்டில கீறல் அத்தினியும் லெஃப்ட் சைடுலயே கீது, இன்னான்னு கொஞ்சம் கேளுமா என்றான், பெயின்ட் வேலைக்கு அடிபோடுகிறான் என்று நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டேன், சொல்லிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்பே தனியாக ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, கிளாக்கோமா என்கிறார்கள், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து விடவேண்டும் என்றிருக்கிறார்கள். நான் பார்த்துவிடக்கூடாது என்று அந்த மருந்தைக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்து, பேட்டரி எறங்கிடும், ஸ்டார்ட் பண்ணிட்டு வரேன் என்று காலையும் மாலையும் போய் உட்கார்ந்து விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நானும் வண்டி மேல் இவ்வளவு பாசமா என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைத்தான் சொல்லவேண்டும். எனக்கு வந்த கோபத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்னால் மூன்று வயசான பொம்பளைங்களை உட்கார வைத்துக்கொண்டு பாதிக் கண்ணோடு சர்ச்சுக்கு ஓட்டினீர்களே, இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கத்திவிட்டேன். தெரியும், அதனாலதான் அந்த வண்டியைக் கேட்டேன், எனக்குப் பதிலா அது பாத்துக்கும்னு நெனச்சேன் என்றார். அப்புறம், ஞாயித்துக்கெழமை எட்டு மணிக்கு அந்த மூணு பேரும் வாசல்ல நின்னு என் வண்டிக்காகக் காத்திருக்காங்க, ரிட்டயர் ஆனப்புறம் எனக்காகக் காத்திருக்கிறது அவங்க மட்டும்தான், அதையும் விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன் என்றார். நான் அழுதுவிட்டேன் கெசி. அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்கமுடியவில்லை. கெசியிடம் மட்டும் சொல்லவே கூடாது, அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார், நானும் கொடுத்தேன்.

நேற்று அவரோடு நானும் டாக்டரம்மாவிடம் போனேன். மருந்தைச் சென்னை வெயிலில் காருக்குள் வைத்திருந்தார் என்றதும் அந்த அம்மா நன்றாக டோஸ் விட்டார்கள், வெந்து போன மருந்து எப்படி வேலை செய்யும் சார், பிரஷர் ஏன் எறங்கலைன்னு இப்பதான் தெரியுது என்று. மருந்தை மாற்றினார்கள், இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், இவர் பெயிலான பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கடைசியில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரே மகள், நாற்பத்தொன்று முடியப்போகிறது, கனடாவில் இருக்கிறாள் என்றேன். இது குடும்பத்தில் வரக்கூடியது, வலி இருக்காது, எழுத்தெல்லாம் நன்றாகத் தெரியும், போனபிறகுதான் போனது தெரியும், உடனே பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாக்கெல்லாம் விடு, கெசிக்கு எழுது, இன்னிக்கே எழுது, நான் எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, அந்த எட்டு மாசமும் அவ கண்ணுல போயிருந்தா என்ன பண்ணுவேன் என்றார்.

ஆகவே இப்போது விஷயம் கார் இல்லை கெசி, நீதான். கண்ணாடிக் கடையில் நாலு எழுத்தைப் படித்துக்காட்டிவிட்டு வந்துவிடாதே, கண் டாக்டரிடமே போ, அப்பாவுக்குக் கிளாக்கோமா என்று முதலிலேயே சொல், பிரஷரும் பக்கவாட்டுப் பார்வையும் பார்க்கவேண்டும் என்று கேள். மருந்து விட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரம் கண் கூசும், திரும்பி வரும்போது ஆஸ்டின் ஓட்டட்டும். நீ இங்கே ஓடிவரவேண்டிய அவசரம் எதுவும் இல்லை, விடுமுறைக்கு வந்தால் போதும். நாளை சர்ச்சுக்கு வாடகை வண்டி சொல்லியிருக்கிறோம், புஷ்பம் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன், அதனால இன்னா, அண்ணன் முன்னாடி உக்காந்துகினு வரட்டும், அவரு வந்தாதான் நானும் ஏறுவேன் என்று சொல்லிவிட்டார்கள். இதை அவரிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி வைத்திருக்கிறார். பாவம் அந்த டிரைவர், வழியெல்லாம் கிளட்சைப் பற்றிப் பாடம் கேட்கப்போகிறான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கண்களையும் அவர் கையில் வைத்து ஜெபிக்கிறேன். ஆஸ்டினுக்கு எங்கள் அன்பு, குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். திங்கட்கிழமை முதல் வேலையாக டாக்டரிடம் நேரம் வாங்கு, வாங்கியதும் எந்தத் தேதி என்று எனக்கு எழுது, ஆபீஸில் வேலை இருக்கிறதும்மா என்கிற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

என்றும் உன் அம்மா,
மெட்டில்டா.

கெசி, அம்மா எழுதியதெல்லாம் உண்மை. இரண்டில் சாம்பல்தான் நல்ல வண்டி, என்றைக்காவது நீ வாங்கி ஓட்டு. கண்ணைக் காட்டியதும் டாக்டர் என்ன சொன்னாலும் என்னிடம் அப்படியே சொல். என்னை மாதிரி மறைக்காதே. அப்பா.