உறவுமுறை: தாய்

செம்மண்டலம், கடலூர்.
9.1.2009

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எப்சிபாவின் தாய் சுகிர்தம் எழுதுவது. இங்கு நலம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருக்கலாம். கடைசியாக நாம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

எப்சி உண்டாகியிருக்கிறாள். மாப்பிள்ளை உங்களுக்குச் சொன்னாரோ என்னவோ. சித்திரைக் கடைசியில் பிரசவமாகும் என்கிறார்கள். முறைப்படி அவள் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று தங்கவில்லை, இப்போதும் உதிரப்போக்கு இருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று சவுதியில், தம்மாமில் டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நான் போகிறேன் என்று கிளம்பினேன்.

சவுதிக்கு நினைத்தால் போய்விட முடியாது. சுற்றுலா விசா என்பதே அங்கே கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர் தன் குடும்பத்தாரை அழைக்கலாம், அதுவும் நல்ல உத்தியோகமாக இருந்தால்தான். மாப்பிள்ளை இன்ஜினியர் என்பதால் அழைக்கலாம். மாமியாரையும் அழைக்கலாம். ஆனால் டிராவல்ஸ் வைத்திருக்கும் தங்கராசு என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சபையார் எருசலேம் யாத்திரை போனோம். இஸ்ரேல் முத்திரை இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு சவுதியில் விசா கிடையாதாம்.

எல்லோருக்கும் தனித்தாளில்தான் முத்திரை போட்டார்கள். எனக்கும் கவுன்டரில் இருந்த பெண் தாளைத்தான் எடுத்தாள். "தாளு தொலைஞ்சிடும்மா, புக்குலயே நல்லா அழுத்திக் குத்து" என்று பாஸ்போர்ட்டை விரித்து வைத்தவள் நான். ஊருக்கு வந்து சபையில் ஒருத்தர் விடாமல் காட்டினேன் வேறு.

மாப்பிள்ளையின் தாய் நீங்கள். நீங்கள் போக வேண்டும். பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்களாம். மாப்பிள்ளை வராந்தாவில்தான் நிற்க வேண்டும். கூட ஒரு பெண் இல்லையென்றால் என் மகள் பாஷை தெரியாதவர்கள் நடுவில் தனியாகப் பெறுவாள். கல்யாணத்துக்கு நீங்கள் வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
சுகிர்தம்

&nbsp;

உ
மாலைகட்டித் தெரு, சிதம்பரம்.
17.1.2009

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதக்கூடாது என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டீர்கள். டீச்சராக இருந்தவர் அல்லவா. கல்யாணத்துக்கு வராதது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நடந்த கல்யாணம் அது. இரண்டு வருஷமாக அறிவழகன் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. உங்கள் மகள் உண்டாகியிருப்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பாண்டிச்சேரியைத் தாண்டியதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது. வீட்டில் இவரிடம் அறிவு பேச்சை எடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். இதில் நான் எங்கே சவுதிக்குப் போவது?

மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். பெற்ற மகளுக்காகப் பாஸ்போர்ட் தொலைந்துபோனது என்று ஒரு பொய் சொல்லிப் புதுசு வாங்கினால் என்ன? எங்கள் தெருவில் ரேஷன் கார்டுக்கே இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
லோகநாயகி

&nbsp;

செம்மண்டலம்.
22.1.2009

அன்புள்ள சம்பந்தி அம்மா,

சொல்லத்தான் போனேன். "டீச்சர், தொலைஞ்சுபோச்சுன்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்துடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று தங்கராசுவும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் மரியாதையாக நாற்காலி போட்டார். "எங்கம்மா தொலைச்சீங்க?" என்றார். "பஸ்ஸில" என்றேன். "கடைசியா எதுல வச்சிருந்தீங்க?" என்றார். "இதோ, இந்தப் பையிலதான்" என்று பையைத் திறந்தே காட்டிவிட்டேன். பாஸ்போர்ட் மேலாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெடச்சிடுச்சே, சந்தோஷமா வூட்டுக்குப் போங்க" என்றார்.

பொய்யே சொல்லாதவள் என்று பெருமையடித்துக்கொள்ளவில்லை. எனக்குச் சொல்ல வரவில்லை. வாசலுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். என் இடத்துக்கு உங்களை அனுப்ப எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் மகளை மருமகளாக ஏற்காதவர் அவள் பக்கத்தில் இருப்பார், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், போங்கள்.

சுகிர்தம்

&nbsp;

உ
சிதம்பரம்.
26.2.2009

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. ஸ்டேஷன் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், என்ன என்று உள்ளேயிருந்து இவர் வந்தார். கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். இவர் சிரிக்கவில்லை. மறுநாள் கடையைத் தாமதமாகத் திறந்து, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். தட்கலில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அறிவு அங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறான். தகவலெல்லாம் உங்கள் தங்கராசு மூலமாகத்தான். அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதில் ஒரு சிக்கல் வந்தது. அறிவு பாஸ்போர்ட்டில் தாய் பெயர் லோகநாயகி அம்மாள் என்றிருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் வெறும் லோகநாயகி. "அம்மாளைக் காணமே, வேற ஆளுன்னுடுவாங்க" என்றார் தங்கராசு. நோட்டரி வக்கீலிடம் போய், மேற்படி லோகநாயகியும் மேற்படி லோகநாயகி அம்மாளும் ஒருவரே, அறிவழகனைப் பெற்றவள் நானே என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். பெற்றபோதுகூட இத்தனை சாட்சி வைக்கவில்லை. விசா விண்ணப்பத்தில் உறவுமுறை: தாய் என்று போட்டிருக்கிறதாம்.

உங்கள் வயிற்றெரிச்சலை மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. நானாக இருந்தாலும் எரிந்திருக்கும்.

லோகநாயகி

&nbsp;

செம்மண்டலம்.
30.3.2009

அன்புள்ள சம்பந்தி அம்மா,

கொரியரில் ஒரு பாட்டில் பிரசவ லேகியம் அனுப்பியிருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் என் பிறந்த வீட்டுப் பக்குவம். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு கொடுங்கள்.

எப்சிக்குத் தயிர்சாதம் இறங்காது, மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தால் குடிப்பாள். வலியென்று வாயைத் திறந்து சொல்லமாட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் வலிக்கிறது என்று அர்த்தம். தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை போடுங்கள். குளிரூட்டும் மெஷினுக்கு நேராகப் படுக்க விடாதீர்கள். திட்டினால் பதில் பேசமாட்டாள், அதனால் அவளுக்கு உறைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

சுகிர்தம்

&nbsp;

உ
சிதம்பரம்.
8.4.2009

சம்பந்தி அம்மாவுக்கு,

என்னைப் பேத்தியோ பேரனோ பார்க்க அனுப்புகிறீர்களா, ஜெயிலைப் பார்க்க அனுப்புகிறீர்களா? பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்கப்போனேன். தங்கராசு லேகியத்தைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல கசகசா போட்ருக்காங்களா?" என்றார். எனக்கென்ன தெரியும்? கூட வந்த இவர் மளிகைக்கடைக்காரர், ஒரு துளி நாக்கில் வைத்ததும் ஆமாம் என்றார். "அய்யோ, அது அங்க போதை மருந்து கணக்குல சேந்துடும். இதோட எறங்குனா ஏர்போர்ட்லயே புடிச்சி உள்ள வச்சிடுவாங்க" என்று தங்கராசு தலையில் அடித்துக்கொண்டார். உங்களுக்குத் தெரியாமல் செய்ததுதான். இருந்தாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விபூதிப் பொட்டலம், நடராசர் படம் எதுவும் கூடாதாம். மருமகளுக்கு பைபிள் கொண்டுபோகலாமா என்று உங்களுக்காகக் கேட்டேன், அதுவும் கூடாதாம். உங்கள் சாமிக்கும் விசா இல்லை, எங்கள் சாமிக்கும் விசா இல்லை. இந்த ஒரு விஷயத்திலாவது சம்பந்திகள் சமமாகிவிட்டோம்.

சவுதியில் பெண்கள் போட வேண்டிய கறுப்பு அங்கி பரங்கிப்பேட்டையில் வாங்கினேன். கடைக்கார அம்மா ராபியா சவுதியில் பல வருஷம் இருந்தவராம். எப்படிப் போடுவது என்று அவரே போட்டுக் காட்டினார். "பயப்படாதீங்கக்கா, அங்கயும் பொம்பளைங்க புள்ள பெத்துகிட்டுதான் இருக்காங்க" என்றார். எனக்கு அதற்கப்புறம்தான் தைரியம் வந்தது.

உங்கள் குறிப்புகளைப் படித்தேன். நானும் மூன்று பெற்றவள். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

லோகநாயகி

&nbsp;

செம்மண்டலம்.
20.4.2009

அன்புள்ள சம்பந்தி அம்மா,

விசா வந்துவிட்டதென்று தங்கராசு சொன்னார். சந்தோஷப்பட்டேன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கசகசா இல்லாமல் வேறு லேகியம் கிளறிவிட்டேன். என் கையால் இனி எதையும் நம்பி வாங்கமாட்டீர்கள், இருந்தாலும் செய்துவிட்டேன். ஏர்போர்ட் போகும் கார் எங்கள் செம்மண்டலம் வழியாகத்தான் போகும். ரோட்டோரம் நிற்கிறேன். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.

சுகிர்தம்

&nbsp;

உ
தம்மாம், சவுதி அரேபியா.
19.5.2009

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

போனில் அறிவு சொன்னதெல்லாம் சரி. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தைக்கு உங்கள் மூக்கு. போனில் சொல்லாததை எழுதுகிறேன். ஊருக்கு வருகிறவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று செம்மண்டலத்தில் கார் நின்றபோது நீங்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். வழியெல்லாம் அந்தக் கை நினைவாகவே இருந்தது.

இங்கே இறங்கியதும், தனியாக வந்த பெண்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். அழைத்தவர் வந்து காகிதத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்களாம். அறிவு வந்தான். இளைத்திருந்தான். அவனிடம் கேட்க விமானம் முழுக்க நிறைய யோசித்து வைத்திருந்தேன். "சாப்டியாடா?" என்றுதான் வாயில் வந்தது. "இன்னும் இல்லம்மா" என்றான். அதோடு இரண்டு வருஷச் சண்டை முடிந்தது.

எப்சி முதல் வாரம் என்னிடம் பயந்து பயந்துதான் பேசினாள். நானும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை நேரம், தெருவே அடங்கியிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் தூங்குகிறாள் என்று விட்டிருப்பேன். உடனே அறிவை எழுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் அவனை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. எப்சி பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள்.

என்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டது உங்களை. அது எனக்குத் தெரியும். நீங்கள் அங்கே இல்லை. நீட்டிய கையை அந்தரத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. பிடித்துக்கொண்டு, "அம்மா இங்கதாண்டி இருக்கேன்" என்றேன். குழந்தை வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பிடி தளரவே இல்லை.

எப்சிக்கு இது எதுவும் நினைவில்லை. அறிவுக்குத் தெரியாது. நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் உங்களைத்தான் கூப்பிட்டாள் சுகிர்தம். அதை நானே வைத்துக்கொள்ள எனக்குப் பாத்தியதை இல்லை.

இப்படிக்கு,
லோகநாயகி