மாமா, நீங்கள் சொல்லுங்கோ

2024 செப்ரெம்பர் 9, திங்கள்

“சேர், ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கணக்கைச் செய்தா மார்க் ஆருக்கு?”

ஊரில், ஊர்காவற்றுறையில் நான் படிப்பிக்கத் தொடங்கிய வருடம் ஒரு பிள்ளை கேட்டது. “பாதி பாதி” என்றேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. இன்று விமான நிலையத்தில் மருமக்களுக்காகக் கால் கடுக்க நின்றபோது ஏனோ அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

மருமக்கள் என்றால், காலமான என் தங்கை ஜோசப்பினின் பிள்ளைகள். இருவரும் லண்டனில் பிறந்து வளர்ந்தவர்கள். ஜெசிகா ஆவணப்படம் எடுக்கிறாள். கேள்வி கேட்பது அவள். கமரா அண்ணன் மாக்கஸின் தோளில். முதல் படம், தாய் வேலை செய்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தைப் பற்றியது. தாயே மேலாளரிடம் கெஞ்சி இவர்களை உள்ளே விட்டாளாம். பிறகு டோவரில் லொறிச் சாரதிகள், வேல்ஸில் மூடப்போகிற ஒரு பள்ளிக்கூடம், பரிசுகள். இங்கிலாந்தில் இப்படிப் படங்கள் பார்ப்பவர்களுக்கு ஜெசிகாவின் பெயர் தெரியும். மாக்கஸின் பெயர் திரையில் வரும்போது சனம் எழும்பி ஜக்கெற் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்தமுறை இங்கே ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தைப் படமாக்க வந்திருக்கிறார்கள். எண்பதுகளில் அகதிகளாய் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலர் அதில்தான் முதலில் ஒதுங்கினார்கள். நானும் ஒருவன். ஆட்களை அறிமுகம் செய்துவைப்பது என் வேலை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி கிளடிஸ், “ரெண்டும் ஆளையாள் பாக்காமலே சாப்பிடுதுகள், கவனிச்சனீங்களோ?” என்றாள்.

பயணக் களைப்பு என்றேன். களைப்பு எனக்குத்தான்.

செப்ரெம்பர் 11, புதன்

பார்க்டேல். லிப்ற் வேலை செய்யவில்லை. அன்புராசாவின் மாடிக்கு ஏறி முடிக்கையில் மூச்சு வாங்கியது. வந்த நாளிலிருந்து அதே கட்டடத்தில் இருக்கிற மனிதர். உணவகங்களில் சமையல் செய்து ஓய்ந்துவிட்டார். எங்களைக் கண்டதும், “வாத்தியார், நீங்கள் இன்னும் சாகேல்லையோ?” என்று கட்டிப்பிடித்தார்.

பிள்ளைகள் வேலை செய்வதை முதல்தடவை பக்கத்தில் இருந்து பார்த்தேன். “அங்கிள், வந்த முதல் நாள் எப்பிடி இருந்தது?” என்று ஜெசிகா கேட்டாள். “நல்லா இருந்தது, பிள்ளை” என்றார் அன்புராசா. அவள் அடுத்ததைக் கேட்க வாயெடுக்க, பின்னால் நின்ற மாக்கஸ் தன் சப்பாத்தால் அவளுடைய சப்பாத்தை மெதுவாக மிதித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்புராசா யன்னலைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“நல்லா இருந்தது எண்டுதான் வீட்டுக்கு எழுதினனான்” என்றார் பிறகு. “படுக்கக் கட்டில் கிடையாது. குளிருக்குப் பேப்பரை விரிச்சுப் படுத்தனாங்கள்.”

எத்தனை வருடம் இதை இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருப்பேன்! கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள். பிள்ளை யோசிக்கிற நேரம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். அது அந்தப் பிள்ளையின் நேரம். இவர்கள் அதைக் காலாலேயே பேசி வைத்திருக்கிறார்கள். ஒருவரால் மட்டும் செய்ய முடிகிற காரியம் அல்ல இது.

ஆனால் பின்னேரம் மாக்கஸ் திரும்ப மிதித்தபோது ஜெசிகா காலை இழுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவன் கமராவில் இருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

செப்ரெம்பர் 14, சனி

மோர்னிங்சைட் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம், நானும் ஜெசிகாவும். திறப்பைப் போட்டேன், திருப்பவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

லண்டனில் ஒரு பெரிய நிறுவனம் ஒரு தொடரை இயக்கக் கேட்டிருக்கிறது. ஆறு பாகம். கமராவுக்கு அவர்களுடைய ஆட்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும்.

“அண்ணா வேண்டாமாம். அவையள் வடிவாச் சொல்லிப்போட்டினம்.” கண்ணைத் துடைத்துவிட்டு, “பொய் சொல்லேல்லை, மாமா. எனக்கும் ஒருக்காத் தனியாச் செய்து பாக்க வேணும் போல இருக்கு” என்றாள்.

“அவனுக்குச் சொன்னியோ?”

“நீங்கள் சொல்லுங்கோ, மாமா. நீங்கள் சொன்னாக் கேப்பார். அம்மா இருந்தா அம்மா சொல்லியிருப்பா.”

முன்பின் தெரியாதவனிடம் போய் நீ எதற்கு அழுதாய் என்று கேட்கிற பிள்ளை. கூடப்பிறந்தவனிடம் ஒரு வசனம் சொல்ல முடியவில்லை.

அவளில் பிழை சொல்லவும் முடியாது. எங்கள் வீடுகளில் கடினமான சொல் நேராகப் போவதில்லை. அப்பாவின் கோபம் அம்மா வழியாக வரும், தங்கச்சியின் காதல் அண்ணி வழியாக. ஜோசப்பினுக்குப் புற்றுநோய் என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. தாயோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு ரொறன்ரோவில் இருந்து நான் ஃபோன் எடுத்துச் சொன்னேன்!

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மீன் மணம் இன்னும் காரில் இருக்கிறது.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் மாக்கஸ் எனக்குப் பக்கத்தில் இருந்தான். சொல்லவில்லை.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் மாக்கஸ் கமராப் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ பாட்டு. நாற்பது வயதுக்காரன் மாதிரியே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது போய்விட்டது.

“தம்பி, ஜெசிகாவை இப்ப நெருக்காதை. அவளுக்கு யோசிக்கக் கனக்க இருக்கு. அடுத்த படம், அடுத்த வருசம் எண்டு ஒண்டும் கதைக்காதை. ஏன் எண்டு என்னட்டக் கேளாதை.”

பாட்டு நின்றது. “ஓகே, மாமா” என்றான். பெட்டியை இரண்டு தரம் பூட்டித் திறந்தான்.

அவனுக்கு விளங்கிவிட்டது என்று மேலே வந்து படுத்தேன். வெப்பக் கடத்தல் படிப்பிக்கும்போது மரக்கரண்டியைக் காட்டுவது வழக்கம். ஒரு முனை கொதிக்கிற குழம்பில் நிற்கும். பிடித்திருக்கிற கைக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு நான்தான் அந்தக் கரண்டி. பரவாயில்லை, அவனுக்குச் சூடாவது படவில்லை.

செப்ரெம்பர் 19, வியாழன்

மாக்கஸ் ஜெசிகாவைக் கதிரையைக்கூடத் தூக்க விடுகிறான் இல்லை. இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுக்கிறான், படியில் கையைப் பிடிக்கிறான். குற்ற உணர்ச்சியில் அவளும் பேசாமல் குடிக்கிறாள்.

கிளடிஸ்: “உவன் என்ன, பிள்ளைத்தாச்சியைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான்?”

பாசம் என்றேன். வேறு என்ன சொல்ல?

செப்ரெம்பர் 21, சனி

எழுத ஏலாமல் இருக்கு. எழுதாவிட்டால் நித்திரை வராது.

மத்தியானம் மேசையில் நாலு பேரும் இருந்தோம். ஜெசிகாவுக்கு லண்டனில் இருந்து ஃபோன் வந்தது. தொடர் தரப்போகிற நிறுவனத்துப் பெண். எழுந்துபோய்க் கதைத்துவிட்டு வந்தவள் உட்காரவில்லை.

“எனக்குச் சுகமில்லையாம். ரெஸ்ட் எடுக்கட்டாம். தொடருக்கு வேற ஆள் பாக்கினமாம். ஆர் இப்பிடிச் சொன்னது?”

மாக்கஸ் கரண்டியை வைத்தான். “நான்தான் எழுதினனான். வேலை சம்பந்தமான எல்லாருக்கும். உனக்குச் சுகமில்லை, கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் கரைச்சல் குடுக்க வேண்டாமெண்டு.”

“எனக்கு என்ன வருத்தம்?”

“அம்மாவுக்கு வந்தது.” என்னைப் பார்த்தான். “மாமா சொன்னவர்.”

“நான் எப்பயடா அப்பிடிச் சொன்னனான்?”

“ஓம், மாமா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அம்மான்ர நேரமும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நெருக்காதையுங்கோ, ஏன் எண்டு கேளாதையுங்கோ எண்டுதான் சொன்னீங்கள். பிறகு அம்மா இல்லை.”

அன்றைக்கும் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லையா? சொன்னதாகத்தானே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஜெசிகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொடரை, கமராவுக்கு அவர்களுடைய ஆட்களை, தனக்கும் விருப்பம் என்பதை. மாக்கஸ் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

“அப்ப உனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை?”

“இல்லை, அண்ணா.”

“ஸ்கான் ஒண்டும் எடுக்கேல்லை?”

“இல்லையண்ணா. நான் நல்லா இருக்கிறன்.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்து சரிந்து நிலத்தில் இருந்தான். பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. கிளடிஸ் அவனுடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

கனநேரம் கழித்து முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டான்: “எப்ப தொடக்கம் தெரியும்?”

“ஜூனில கேட்டவை.”

“ஜூன்” என்றான். எழும்பிப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோசம் அவ்வளவு நேரந்தான் அவனைத் தாங்கியது. தன்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு எட்டியது. இரண்டையும் ஒரே பகலில் அவன் தலையில் போட்டவன் நான்.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

பூசைக்கு ஒருவரும் போகவில்லை. மாக்கஸ் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பத்து மணிபோல ஜெசிகா என்னிடம் வந்தாள். “மாமா, அண்ணா என்ன நினைக்கிறார் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.”

உடம்பெல்லாம் அலுத்துப்போய் இருந்தது. எழுபது தாண்டியும் ஒரு வீட்டின் சொற்களை மற்றவர்களுக்காகச் சுமந்து திரிகிறேன். ஒன்றும் முழுதாய்ப் போய்ச் சேருவதில்லை. ஃபோனை எடுத்தேன், மாக்கஸின் இலக்கத்தை அழுத்தினேன், அவளுடைய கையில் வைத்தேன்.

“என்ன மாமா இது? அவர் அடுத்த அறையிலதானே இருக்கிறார்?”

“ஓம். நடந்து போகப் பயமெண்டா இதிலை கதை.”

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போனாள், வேண்டாம் என்று கை காட்டினேன். மணி நின்றது.

“அண்ணா” என்றாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

குசினியில் கிளடிஸ், “என்னவாம்?” என்றாள்.

“தெரியாது.”

“போய்க் கேளுங்கோவன்!”

“மாட்டன்.”

“நாற்பது வருசம் ஊர்க் கதையெல்லாம் கேட்ட மனுசன்” என்று முணுமுணுத்துவிட்டுத் தானே கதவடிக்குப் போனாள். ஒன்றும் விளங்கவில்லையாம். இருவரும் இங்கிலிசில் சண்டை பிடிக்கிறார்கள், அது மட்டும் தெரிந்ததாம்.

செப்ரெம்பர் 26, வியாழன்

ஜெசிகாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். லண்டனுக்கு ஃபோன் எடுத்து, தான் சுகம்தான் என்று சொல்லித் திருத்திவிட்டாள். அவர்கள் திரும்பக் கதைக்கிறோம் என்றார்களாம், உறுதி இல்லை. மாக்கஸ் விமான நிலையத்துக்கு வரவில்லை. பார்க்டேலில் மிச்ச வேலையைத் தான் முடிப்பதாகச் சொன்னான்.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். கமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு அன்புராசாவுக்கு முன்னால் உட்கார்ந்து அவனே கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக் கதையைத் தாண்டினால் அவனுடைய தமிழ் நொண்டும். சொல் கிடைக்காமல் நின்றபோது அன்புராசா, “தேடு தேடு, எனக்கு அவசரமில்லை” என்றார்.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

பனி முழங்கால் அளவுக்கு. கோயில் பூசை ஒன்லைனில்.

காலையில் மாக்கஸ் லண்டனில் இருந்து ஃபோனில் கதைத்தான். பார்க்டேல் படத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கிறானாம். சாப்பாட்டைக் கேட்டான், என் முழங்காலைக் கேட்டான். போன கிழமை வழுக்கி விழுந்ததை அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். தங்கச்சியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

மத்தியானம் ஜெசிகா. கிளாஸ்கோவில் நிற்கிறாள், தொடரின் இரண்டாம் பாகம் நடக்கிறது. புதுக் கமராக்காரன் நல்ல பிள்ளையாம், ஆனால் வாய் ஓயாதாம். அவளும் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

கிளடிஸுக்கு முகம் வாடிவிட்டது. “ரெண்டும் ஒரேயடியா முறிஞ்சுபோச்சுதுகள் போல.”

எனக்கும் பாரமாகத்தான் இருந்தது. அப்போது ஜெசிகா வைக்கிறதுக்கு முன்னால் சொன்னது நினைவுக்கு வந்தது: “மாமா, அந்தக் காலுக்கு ஐஸ் வையுங்கோ. வெளியில போகாதையுங்கோ.”

அவளுக்கு நானும் சொல்லவில்லை, கிளடிஸும் சொல்லவில்லை.

கிளடிஸுக்கு இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப உங்களுக்கு வேலை போச்சுது” என்றாள். போகட்டும். காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆசிரியனுக்கு எழுதும்போதும் முன்னால் ஒரு வகுப்பு இருக்கும். ஆகவே யாராவது இதை எப்போதாவது வாசித்தால்: உங்களிடம் ஒருவர் வந்து, “அவருக்கு நீங்கள் சொல்லுங்கோ” என்று கேட்டால், அந்த மற்றவரின் இலக்கத்தை அழுத்தி, ஃபோனைக் கேட்டவரின் கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போங்கள்.