அண்ணர் வளவுத் தண்ணீர்

15.6.2003, ஞாயிறு

சோளகக் காற்று. ஒரே புழுதி.

அண்ணர் வளவு முகப்பில் குழாய்க்கிணறு அடித்து முடித்துவிட்டார்கள். கைப்பம்பி. எங்கள் படலையிலிருந்து நாற்பது அடிதான். தொண்டு நிறுவனத்துக்காரர் முதலில் பார்த்தது என் காணியை. கூட்டம் நடந்த அன்று அண்ணர் வீட்டில் சேவல் அடித்துச் சாப்பாடு. இடம் மாறிவிட்டது.

ஐயாவின் வாய்க்கால் காணியை அவர் விழுங்கி ஒன்பது வருடம். அன்றிலிருந்து பேச்சில்லை. கோபமான வீட்டில் பச்சைத் தண்ணீரும் எடுப்பதில்லை, செத்தவீட்டுக்கும் போவதில்லை. எங்கள் பகுதி வழக்கம். எங்களுக்குக் குளத்தடிக் கிணறு இருக்கிறது. ஒன்றரை மைல்.

19.6, வியாழன்

சைக்கிள் டியூப் ஒட்ட வேண்டும். மண்ணெண்ணெய். சவர்க்காரம்.

விடிந்தது முதல் பம்பியடியில் சிரிப்பு. பெண்கள் குளித்து முடித்து, பிள்ளைகளை நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அண்ணரின் மனைவி கழிவுத் தண்ணீர் ஓடும் இடத்தில் கத்தரி நட்டிருக்கிறார். என் மகள் வதனி குளத்தடிக்குப் போய்வந்து பள்ளிக்கூடம் சேர எட்டரை. ஆசிரியை துண்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

வேலிக்கு அப்பால் யாரோ ஒருத்தி: "படிச்ச மனுசன், குளத்துப் பாசியை வடிச்சுக் குடிக்கிறாராம்." குரல் தெரியும். மறக்கமாட்டேன்.

மாலையில் மனைவி ஒரு குடத்தைச் சேலையால் மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி. முற்றத்தில் ஊற்றினேன்.

"பிள்ளைக்கு மட்டும் எண்டாலும் விடுங்கோவன்" என்றாள்.

குடத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

1.7, செவ்வாய்

வதனிக்கு ஆறாம் நாள் காய்ச்சல். சாப்பாடு இல்லை. வயிற்று வலி. மனைவி தனியே குளத்தடிக்குப் போய்வருகிறாள். என்னோடு கதையில்லை.

5.7, சனி

உழவு இயந்திரப் பெட்டியில் ஆஸ்பத்திரிக்கு. நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு. அடுத்த கட்டிலிலும் அதே.

டொக்டர் இளவயது. தண்ணீர் எங்கே எடுக்கிறோம் என்று கேட்டார். குளத்தடி என்றேன்.

"கிட்ட வேற தண்ணி இல்லையோ, ஐயா?"

இல்லை என்றேன். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வதனி தோடம்பழம் கேட்டாள். நெடுங்கேணிச் சந்தை முழுக்கத் தேடினேன். இல்லை.

12.7, சனி

குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். வவுனியாவுக்கு ஏற்ற வேண்டும். வாகனம் நாளை.

14.7, திங்கள்

வாகனம் வரமுன் முடிந்துவிட்டது. நேற்று விடிய. இன்று எடுக்கிறோம்.

குளிப்பாட்டத் தண்ணீர் போதாது என்று பெண்கள் சொன்னார்கள். குளத்தடிக்கு ஆள் அனுப்ப எழும்பினேன். படலை திறந்தது. அண்ணர். இரண்டு கையிலும் வாளி. நரைத்துவிட்டார்.

"தம்பி, தண்ணியை எங்க வைக்க?"

தண்ணீருக்குள்ளால் வாளியின் அடி தெரிந்தது. பிள்ளையைக் காட்டினேன்.